அரக்கனுக்குக் குரல் கொடுத்தவருக்கு

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. லேப்டாப்பை மட்டும் மூடிடாதீங்க. கேம் ஜாம் போட்டிக்கு நான் செஞ்ச கேம் அதுலதான் திறந்திருக்கு. நான் டூட்டி முடிஞ்சு வந்ததும் அனுப்பியே தீருவேன். போன தடவை மாதிரி பாதியில விட மாட்டேன்.

அதுக்குள்ள ஒரு தடவை விளையாடிப் பாருங்க. அதுல அரக்கன் உறுமுறது உங்க குரல்தான். நேத்து "இந்த வயசுல உனக்கு விளையாட்டு கேட்குதா"ன்னு கத்தினீங்களே, அப்போ மைக் ஓடிட்டிருந்தது. பதிவான அந்தக் குரலை நான் கொஞ்சம் இழுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

தாள்ல இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன்: அவனைக் கத்தியால குத்தாதீங்க, சாக மாட்டான். பேசாம பக்கத்துல போய் உட்காருங்க, தானா அடங்கிடுவான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்த வழி.