பின்பக்கச் சுவருக்கும் பெயிண்ட்

அக்ரா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள யாவ் அண்ணாவுக்கு,

எங்கள் ஆபீஸில் இனிமேல் நிரந்தரமாக வாரத்துக்கு நாலே நாள்தான் வேலை, வெள்ளிக்கிழமை முழு லீவு, சம்பளத்தில் கை வைக்கவில்லை, திங்கட்கிழமை எந்த ஊரில் இருந்தும் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொள்ளலாம், இன்று காலையில்தான் அறிவித்தார்கள் அண்ணா.

வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருப்பேன். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. ஹாம்பர்க்கில் உன் கோடவுனில் சாப்பாட்டு இடைவேளை விடும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஜூலையிலிருந்தே இதைச் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். உனக்குச் சொல்லவில்லை, பாதியில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். பிடுங்கவில்லை. புகார் சொல்லி போன் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு முன்பைவிடச் சீக்கிரம் பதில் போகிறது. மீட்டிங் என்ற பெயரில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது நின்றுவிட்டது. பாத்ரூமில் போய் அழுகிற கூட்டமும் குறைந்துவிட்டது, நானும் அதில் ஒருத்தி. எங்கள் மேனேஜர் மேடமே வியாழக்கிழமை சாயங்காலம் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள்.

இதே மேடம்தான், அம்மா படுத்திருந்தபோது நான் ஒரு வெள்ளிக்கிழமை லீவு கேட்டுப் போய் நின்றதற்கு, "சாவா? இல்லல்ல, உடம்புதானே சரியில்ல. சனிக்கிழமை போய் பாத்துக்கோ" என்றார். அம்மா இறந்ததும் அவரே கேட்காமல் ஒரு வாரம் லீவு கொடுத்தார். கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு ஆபீஸே குமாசிக்கு பஸ் பிடித்து வந்தது. நீயும் வந்தாய். நீ வரும்வரை அம்மாவைக் குளிர் அறையில் வைத்திருந்தோம். அம்மா உனக்காகக் காத்திருந்தாள்.

இப்போது நான் வியாழன் சாயங்காலமே குமாசிக்குக் கிளம்பிவிடுகிறேன். முதல் தடவை வெள்ளிக்கிழமை காலையில் என்னை வீட்டில் பார்த்ததும் அப்பா பயந்துவிட்டார், வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும், "நீ வெள்ளிக்கிழமை பொறந்தேன்னுதான் உனக்கு அஃபியான்னு பேரு வெச்சேன். உன் கெழமைய உனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்களா? பரவால்லயே, நல்ல கம்பெனிதான்" என்றார்.

மத்தியானம் ஃபுஃபுவுக்கு வெந்த மரவள்ளிக்கிழங்கை இடிக்கிறோம். நான் நின்றுகொண்டு உலக்கை போடுகிறேன், அப்பா கீழே உட்கார்ந்து மாவைத் திருப்பிவிடுகிறார். "ஆபீஸ்காரி உலக்கை புடிக்கிற லட்சணத்தப் பாரு. என் வெரல ஒடச்சு அதுக்கும் ஒரு லீவு வாங்கலாம்னு பாக்குறியா?" என்கிறார். நாலு தடவை திருப்பினால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறார். மூச்சு வருவதற்காக இருவரும் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் கோட்டோக்கோ ஃபுட்பால் டீம் ஆடும்போது ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்கிறார். நான் எவ்வளவு பெரிய கோட்டோக்கோ பைத்தியம் என்று உனக்குத் தெரியும், என் போன் முழுக்க அதுதான். ஆனால் கோல் விழுந்தால்கூட இப்போது நான் கத்துவதில்லை. நான் கத்தினால் அவரும் கத்தப் பார்க்கிறார், இருமல் பிடித்துக்கொள்கிறது. "இவனுங்க ஆடுறதப் பாத்துதான் எனக்கு மூச்சு வாங்குது, வேற ஒண்ணும் இல்ல" என்று சமாளிக்கிறார்.

வேறு ஒன்று இருக்கிறது அண்ணா.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். அதனால் இத்தனை நாளும் நாம் யாரும் அவருடன் போனதில்லை, தனியாகப் போய்விட்டு "நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்று போனில் சொல்வார், நாமும் நம்புவோம். போன மாதம் நான் கூடப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மகளா? புள்ளைங்கள்ல ஒருத்தர கூட்டிட்டு வாங்கன்னு போன வருஷத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அவங்க எல்லாருக்கும் வேலை இருக்கு டாக்டர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

மர மில்லில் ஞாயிறு தவிர எல்லா நாளும் நின்று அவர் சுவாசித்த தூள் நுரையீரலில் இறுகிவிட்டதாம். டிசம்பரில் தூசிக்காற்று தொடங்கினால் அதைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். நீ அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய்.

டாக்டர் சொன்னதை ஒபெங் சித்தப்பாவிடம் சொன்னேன்; அதைக் கேட்டு அவரும் நீயும் பேசி ஏற்பாடு செய்த பெயிண்ட் ஆட்கள் போன வெள்ளிக்கிழமை வந்தார்கள். முன்பக்கத்தை மட்டும் மஞ்சள் அடித்தால் போதும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சாவுக்கும் இப்படித்தான் அடித்தோம், துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பந்தல் போடும் பக்கம் மட்டும். அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் கழித்து ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, முன்னாடி வந்து உக்காரப் போறவங்க ஒரு நாள்தான் பாப்பாங்க. நான் தெனம் உக்காருறது பின்னாடி. அங்கயும் ஒரு கை அடிச்சு விடு" என்றார். அவன் சிரித்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. உன் வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். இந்த வெள்ளிக்கிழமைகள் கிடைக்காவிட்டால் நானும் உன்னுடன் சேர்ந்து பெயிண்டின் நிறம் என்ன என்றுதான் பேசிக்கொண்டிருப்பேன். அம்மா காத்திருந்தது போல அப்பாவும் காத்திருக்கலாம், உனக்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் அந்தக் குளிர் அறையில் வைத்திருப்போம். ஆனால் அங்கே அவர் உன்னைக் கிண்டல் செய்ய மாட்டார்.

உங்கள் சூப்பர்வைசரிடம் போய் லீவு கேள். எதற்கு என்று கேட்டால், அப்பா உயிரோடு இருக்கிறார், அதற்காக என்று சொல். அவருக்குப் புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்.

கடவுள் உன் முதுகுக்கும் முழங்காலுக்கும் பலம் தரட்டும். லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் இதை அனுப்பிவிடு. தூசிக்காற்று வருவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வீட்டில் இருக்க வேண்டும். பின்பக்கம் இப்போது மஞ்சளாக இருக்கிறது, அங்கே மூன்று நாற்காலி கழுவி வைத்திருக்கிறேன். நீண்ட பதிலெல்லாம் வேண்டாம் அண்ணா, எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுது.

உன் தங்கை,
அஃபியா