கோயில் வேம்பில் இலை இல்லை

தங்காக் தோட்டம்,
ஆனி மாதம்.

சுங்கைப்பட்டாணியில் புருஷனோடும் பிள்ளையோடும் இருக்கிற என் மகள் செல்வராணிக்கு அப்பா அய்யாவு எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் மூர்த்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம், நம் கோழிகளும் சுகமாம். அம்மா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

பதறாமல் முழுக்கப் படி. உன் அம்மாவுக்கு அம்மை வார்த்திருக்கிறது. பெரியம்மை என்கிறார் நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள், எனக்கு முன்னமே அம்மை குத்தியிருப்பதால் கூட இருக்க விட்டார்கள். முகமெல்லாம் முத்து, இமை ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை, இளநீர் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. போன வருஷம் டிரசர் நம் லயத்து வீடுகளுக்கு அம்மை குத்த வந்தபோது இந்த மகராசி கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், ரப்பர் பால் வெட்டுகிற கத்திக்குப் பயப்படாதவள் ஊசிக்குப் பயந்தாள் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை ஆயி.

கொட்டகைக்குள் போகுமுன், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாம் என்று கோயில் வேம்புக்கு ஓடினேன், மரம் மொட்டையாக நிற்கிறது. அம்மை வருகிறது என்ற சேதி கேட்டதுமே நம் ஜனங்கள் ஒரு கொப்பு விடாமல் ஒடித்து, நோயே இல்லாத வீட்டு வாசலில் எல்லாம் தோரணம் கட்டிவிட்டார்கள். கங்காணி காளியப்பன் தன் மாட்டுக்கொட்டகைக்கும் கட்டியிருக்கிறார், அவர் மாட்டுக்குப் பரு வந்தால் அழகு கெட்டுவிடும் பாவம். ஒரு பிடி கேட்டேன். வாசலில் கட்டினதை அவிழ்த்தால் ஆத்தா அந்த வழியே உள்ளே வந்துவிடுவாளாம், யாரும் தரவில்லை. அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை, எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் நாலு காய்ந்த இணுக்கு கொண்டுவந்து கொட்டகை வாசல்படியில் போட்டுவிட்டுப் போனாள்.

அதை அரைத்துக்கொண்டே டிரசரிடம் கேட்டேன், இது ஆத்தாளை இறக்குமா என்று. வேப்பிலைக் கசப்பு மரம் தனக்காகச் செய்துகொண்ட காவல், அதனால்தான் பூச்சி அண்டுவதில்லை என்றார். ரப்பர் மரத்தைக் கீறினால் பால் ஊறி, ஒட்டுப்பாலாக இறுகிக் காயத்தை மூடிக்கொள்கிறதே, அது மாதிரியாம். அந்தக் கசப்பு நமக்கும் அரிப்பை ஆற்றும், புண்ணில் ஈ மொய்க்க விடாது, ஆனால் உள்ளே இறங்கின விஷத்தைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன் அய்யாவு என்றார். வேறு எது கொல்லும் என்றேன். வந்தபின் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வருமுன் குத்திக்கொள்வது ஒன்றுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை காலமாக நான் தினம் கீறுகிற மரமெல்லாம் மறுநாள் காயம் மூடி நிற்கிறது. உன் அம்மா உடம்புக்கு அது தெரியவில்லை, எனக்கு விசிறத்தான் தெரிகிறது.

நீ ரயில் ஏறி வராதே, வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம், மூர்த்திக்கு ஊசி வேண்டாம் என்று மாமியார் சொல்வதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இலையைத் தாராளமாகக் கட்டு, பிள்ளையைத் தூக்கிப்போய் ஊசியும் குத்து. சம்பந்தியம்மா கோபித்தால் பழியை என் தலையில் போடு, என் தலை பெரிய தலை தாங்கும். நோய் ஒட்டி வராமல் இருக்க இந்தக் கடிதத்தை டிரசர் புகை காட்டித்தான் அனுப்புகிறார், வாடை அடித்தால் அப்பா சுருட்டு என்று நினைக்காதே.

எப்போதும் முடிவில் அம்மா ஒரு வரி சொல்வாள், நான் எழுதுவேன். இன்று என்ன எழுதட்டும் பேச்சி என்று கேட்டேன். கடைசியில் நானே எழுதிவிட்டேன்: மகளே, நீ நூறு வயசு வாழ வேண்டும், இந்தத் தோட்டத்திலேயே உன் அப்பாதான் அழகன், இப்படிக்கு அம்மா பேச்சியம்மாள். இதை அவள் காதருகில் உரக்க வாசித்துவிட்டேன். திட்டுவாள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூர்த்திக்கு ஊசி, மறவாதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
அய்யாவு