பீட்ரூட் என்று நீ சொன்னாய்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? நான் வேலை செய்யும் குடல் கழுவும் நிலையத்தில் நேற்று நீ எனக்கு ஆறாவது ஆள். வெதுவெதுப்பான தண்ணீரைக் குடலுக்குள் விடுவதும், வயிற்றை நீவிவிடுவதும், வெளியேறுவதைக் கண்ணாடிக் குழாயில் பார்ப்பதுமாக நாள் போகிறது. கண்ணை மூடினாலும் குழாய்தான் ஓடுகிறது.

குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், காய்கறியும் தண்ணீரும் நடையும் போதும் என்று நான் படித்ததைச் சொன்னால், "உன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போடாதடி" என்கிறாய். மாதம் தவறாமல் வருகிறாய்.

நேற்று உனக்குக் குழாயில் சிவப்பாகப் போனதே, நீ சொன்னபடி உண்மையிலேயே பீட்ரூட்தானா?

உன் மகள்

மார்ச் 9

என் கண்ணு,

இங்கே மூன்று நாளாக மோட்டார் ஓடவில்லை. குடம் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. மற்றபடி நலம்.

பீட்ரூட்தான். தின்றவளுக்குத் தெரியாதா? அடுத்த மாதம் இரண்டாம் தேதி என் பெயரை எழுதி வை. வேறு பெண்ணிடம் தள்ளிவிடாதே. அங்கே படுத்திருக்கும் முக்கால் மணி நேரம்தான் நீ என் முகம் பார்த்துப் பேசுகிறாய்.

அம்மா

மார்ச் 15

அம்மா,

இன்று ஒரு தையல்காரம்மா வந்தார். நிஜமாகவே பீட்ரூட் சாப்பிட்டவர். தண்ணீர் முழுக்க ஒரே சீராக ரோஜா நிறம். உன்னுடையது இழை இழையாக, கருஞ்சிவப்பாக இருந்தது.

எனக்கு அன்றே சந்தேகம் வந்தது. கை ஓய்ந்திருந்தது, நீ சொன்ன பதில் எனக்கு வசதியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ரத்தம் போகிறவர்களுக்குக் கழுவக் கூடாது என்று எங்கள் சுவரிலேயே எழுதியிருக்கிறது. இனி உனக்குக் கழுவ மாட்டேன். எத்தனை நாளாகப் போகிறது? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். எழுது.

உன் மகள்

மார்ச் 21

கண்ணு,

நான்கு மாதமாக.

அந்தச் சுவரில் இருந்ததை நானும் படித்தேன். சொன்னால் என்னை நிறுத்திவிடுவாய். அப்புறம் எந்தச் சாக்கில் வருவேன்? "சும்மா பாக்க வந்தேன்"னு வந்தா, "வேலை நேரத்துல ஏம்மா வர்ற"ன்னு கேப்பியே.

டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது. திட்டாதே.

அம்மா

மார்ச் 26

என் அம்மாவுக்கு,

திட்டவில்லை. திட்டத் தெம்பும் இல்லை.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் வருகிற புதன்கிழமை காலை, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். செவ்வாய் மதியம் வந்துவிடுவேன். ஒரு வாரம் லீவு கேட்டதற்கு முதலாளியம்மா, "அப்ப குழாய யாரு பாக்குறது, நானா?" என்றார். பாருங்கள் என்றேன்.

அதற்கு முதல் நாளே குடிக்க ஒரு மருந்து தருவார்கள். குடித்ததும் விடாமல் போகும். பாத்ரூம் கதவைத் தாழ் போடாதே. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ பேசிக்கொண்டே இரு, பயத்தையும் சொல்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அம்மா. நானும் சொல்கிறேன்.

உன் மகள்