பாய்க்கு அடியில் மாமா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கர்த்தாவே, ஜெபிக்க வேண்டியதை எழுதுகிறேன். மன்னியும். எங்கள் தீவில் வீடுகளுக்குச் சுவர் இல்லை, முணுமுணுத்தாலும் அம்மாவுக்குக் கேட்கும்.

நேற்று தம்பி மலாக்கி குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பக்கத்து ஊர் ஈலியாவின் மேல் ஏற்றிவிட்டான். ஈலியா செத்துப்போனான். தம்பி போலீஸ் காவலில்.

ஆகஸ்ட் 13

நாளை விடியுமுன் ஃபெரெட்டி மாமா ஈலியா வீட்டு வாசலில் போய் உட்காரப் போகிறார், தலைமேல் எங்கள் வீட்டு நல்ல பாயைப் போர்த்திக்கொண்டு. குற்றம் செய்தவனின் குடும்பத் தலைவர் இப்படி மன்னிப்புக் கேட்பது எங்கள் தீவு வழக்கம். அவர்கள் பாயை எடுத்தால் மன்னித்தார்கள் என்று அர்த்தம். எடுக்காமல் வெட்டுக்கத்தியோடு வந்தால்?

"நீங்க என்ன பண்ணீங்க மாமா? குடிச்சது அவன்."

"குடும்பத் தலைவன்னு எனக்குப் பெரிய மீனா எடுத்து வெச்சப்ப, நான் என்ன பண்ணேன்னு நீ கேக்கலையேம்மா."

சிரித்தார்.

மாமாவைக் காப்பாற்றும். பாடகர் குழுவில் சேருகிறேன். எல்லார் முன்னும் நிற்க எனக்கு எவ்வளவு பயம் என்று உமக்குத் தெரியும். உபவாசம் இருக்கிறேன். போதாதா? இன்னும் என்ன வேண்டும்?

ஆகஸ்ட் 14

இருட்டிலேயே போனோம். மாமா முன்னால், பாய்க்குள். நாங்கள் பின்னால் ஈரப் புல்லில், தலை குனிந்து. யாரும் பேசக் கூடாது. நான் மன்னிப்பு வாசகங்கள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன் — பட்டதாரி அல்லவா. ஒன்றுக்கும் உதவவில்லை.

விடிந்தது. ஈலியாவின் அண்ணன்மார் கத்தியோடு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குனிந்திருந்த எனக்கு அவர்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கல் வந்து பாயில் விழுந்தது. மாமா அசையவில்லை. இன்னொரு கல். யாரும் தடுக்கவில்லை. வெயில் ஏறியது. அவ்வளவுதான், எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது ஈலியாவின் அம்மா சலோமே வெளியே வந்தார். அழுது அழுது குரலே இல்லை.

"அதை எடுங்கடா. அந்த மனுசனுக்கு மூச்சு முட்டும்."

மகன்கள் நகரவில்லை.

அவரே இறங்கி வந்து பாயை எடுத்தார். மாமாவின் முகமெல்லாம் வியர்வை, கண்ணீர்.

"உள்ள வாங்க. என் புள்ளையப் பாருங்க."

நாங்கள் என்ன கொடுத்தோம்? பாயைக்கூட மடித்து எங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

ஆகஸ்ட் 15

தூக்கம் இல்லை. வெட்டியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். இது ஏன்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள்: கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு. நான் சொல்லிக்கொடுத்ததுதான். இன்று கேட்கும்போது பயமாக இருந்தது.

மதியம் தம்பியைப் பார்க்க விட்டார்கள். கொண்டுபோன சேப்பங்கிழங்கைத் தொடவில்லை.

"பாய எடுத்துட்டாங்களாமே அக்கா. அது மாமாவுக்கா, எனக்கா?"

"உனக்குத்தான்டா."

"நான் அங்க இல்லவே இல்லையே."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். கோர்ட்டு என்ன சொல்லுமோ தெரியாது. ஜெயில் நிச்சயம்.

கர்த்தாவே, இவ்வளவு எழுதியும் அவனுக்காக உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் உயிருக்கு ஈடாக எதைத் தருவதாகச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. தருவதற்கு ஒன்றும் இல்லாமல்தான் கேட்கிறேன்.

மலாக்கியை மன்னியும்.