துவைகல்லுக்கு அடியில் இருந்தவள்

5.7.1999, திங்கள்

காற்று. மண்ணை வாரி வகுப்புக்குள் கொட்டுகிறது. கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் எழுத்தின் மேல் புழுதி.

ஐந்தாம் வகுப்பு, வரலாறு, தமிழ்நாடு. சேர சோழ பாண்டியர் மூவேந்தர் என்று பதினொரு பேரும் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்கிறார்கள். சரி, தமிழ்நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மெட்ராஸில் என்றான் ஒருவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சாணார்பட்டியைத் தாண்டிப் பஸ் ஏறாத பிள்ளைகள்.

யோசனை: ராஜாக்களை விட்டுத்தள்ளு. ஊரில் பழைய கல் எங்கே கிடக்கிறது என்று தேடிவரச் சொல்வது. கல்லின் மேல் தாளை விரித்து அடுப்புக்கரியைத் தேய்த்தால் உருவம் தாளில் ஏறிவிடும். அதிலிருந்து பாடம்.

திண்டுக்கல்லில் வாங்க: மெல்லிய வெள்ளைத்தாள் 20, சணல், பசை, வீட்டுக்குக் காப்பித்தூள்.

கூட வேலை பார்க்கும் நூர்ஜஹான் டீச்சர் சிரிக்கிறார். நான் எச்.எம்., அவர் உதவி. பள்ளிக்கூடமே எங்கள் இரண்டு பேர்தான். "கல்லைத் தேட விடுங்க சார், பாம்பைப் புடிச்சிட்டு வரும்ங்க."

7.7, புதன்

வந்த கற்கள்: உடைந்த ஆட்டுக்கல். மைல்கல் (எழுத்து அழிந்தது). கோயில் வாசல்படி. "எங்கப்பன் மனசு சார்" என்றான் ஒரு போக்கிரி, வகுப்பே உருண்டது. எனக்கும் சிரிப்பு.

கடைசியில் ராமுத்தாய். அவள் வீட்டுத் துவைகல். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறாள். "கால் இருக்கு சார். நாலு கால். ரெண்டுல கொலுசு."

வகுப்பில் முதல் பிள்ளை. இந்த ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போன பெண்பிள்ளை இன்றுவரை கிடையாது. அடுத்த ஜூனில் இவள் போவாள். திண்டுக்கல் கான்வென்ட் விடுதியில் மதரிடம் பேசி இடம் வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா வெள்ளைச்சாமி அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறார். என் சர்வீஸில் இந்த ஒன்றாவது உருப்பட வேண்டும்.

8.7, வியாழன்

வகுப்பையே கூட்டிக்கொண்டு போனேன். கடப்பாரை போட்டு நாலு பேர் புரட்டினார்கள். அடியில் ஈரமண், ஒரு பூரான். கழுவிவிட்டதும் இரண்டு உருவம். வாளோடு ஒருவன். பக்கத்தில் ஒருத்தி, வலது கையை முழங்கையில் மடக்கி மேலே தூக்கியிருக்கிறாள். அந்தக் கையில் வளையல், நான்கு. எழுத்து ஒன்றும் இல்லை. சண்டையில் செத்தவன், அவனோடு தீயில் இறங்கிய பெண்டாட்டி. வளையல் போட்ட கையைத் தூக்கிக் காட்டினால் அதுதான் அர்த்தம்.

முகம் மண்ணுக்குள். முதுகில் இத்தனை காலம் துணி அடித்துத் துவைத்திருக்கிறார்கள்.

கரி தேய்த்துப் படி எடுத்தோம். நன்றாக வந்தது. பிறகு கதையை விளாசினேன். குதிரைப்படை, மலைக்கோட்டை, இருபது வயசுப் பெண், சிதை. "அவங்க பேரு என்ன சார்?" ராமுத்தாய்தான் கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் பிள்ளைகளிடம் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. செல்லாயி என்றேன். எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்தது. இரண்டு பிள்ளைகள் அழுதன. எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் வீட்டில் ரெஜினா கதவைச் சாத்திவிட்டு என் கையை எடுத்து இடது மார்பில் வைத்தாள். கட்டி. கொட்டைப்பாக்கு அளவு. எத்தனை நாளாக என்றேன். ஈஸ்டரிலிருந்து என்றாள். மூன்று மாசம் வாயைத் திறக்கவில்லை பாவி. பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய எனக்கும் தெரியவில்லை.

12.7, திங்கள்

படியெடுத்த தாளை வகுப்புச் சுவரில் ஒட்டியாயிற்று. ராமுத்தாய் வரவில்லை. காய்ச்சலாம்.

அவள் அம்மா அந்தக் கல்லில் இப்போது துவைப்பதில்லை. முகத்தைப் பார்த்தபிறகு எப்படி அடிக்க என்று கேட்டாளாம். நியாயம்தான்.

ரெஜினாவை மதுரைக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார்.

16.7, வெள்ளி

ராமுத்தாய் வந்தாள். மெலிந்திருக்கிறாள். கணக்குப் பாடம் நடக்கும்போது வலது கை மேலே. வெளியே போகக் கேட்கிறாள் என்று நினைத்து, போ என்றேன். போகவில்லை. கை அப்படியே. முழங்கை மடங்கி, விரல் நேராக. மத்தியானம் வரை இறக்கவில்லை. சோற்றை இடது கையால் தின்றாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "கீழ போட்டா சுடுது சார்."

நூர்ஜஹான் டீச்சர் அவள் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். காய்ச்சல் சூடு என்று சொன்னேன். நெற்றி ஜில்லென்று இருக்கு சார் என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். சத்தமில்லாமல், என் தப்பைத் திருத்துவது போல: "அவங்களுக்கு இருபது இல்ல சார். பதினொண்ணு."

இருபது நான் சொன்னது. பதினொன்று யார் சொன்னது? எனக்குப் பிடிக்கவில்லை.

19.7, திங்கள்

கல்லை நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். மஞ்சள், பச்சைச் சேலை, எலுமிச்சம்பழம். மேலே கீற்றுப் பந்தல். அதற்கடியில் கோரைப்பாயில் ராமுத்தாய், கையைத் தூக்கியபடி. பெண்கள் வந்து குனிந்து ஏதோ கேட்கிறார்கள், அவள் ஏதோ சொல்கிறாள், துண்ணூறு வாங்கிக்கொண்டு போகிறார்கள். கன்று தொலைந்தவள் ஒருத்தி கேட்டு, சொன்ன கரட்டு மேட்டிலேயே கிடைத்ததாம்.

பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். அம்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி அனுப்ப என்கிறார். தன் மகளை அம்மா என்கிறார். ஓரமாக அழைத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பேர் நான் விட்ட கதை வெள்ளைச்சாமி, கல்லில் பேரே இல்லை, பிள்ளை கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க சொல்லல சார். உங்க வாயில வந்து அவ சொல்லிருக்கா. நீங்க வேதக்காரரு. இம்புட்டுப் பேரு இருக்க, செல்லாயின்னு உங்களுக்கு எப்படி வரும்?"

யோசித்துக்கொண்டே வந்ததில் ஹேண்டில்பாரைக் கோட்டைவிட்டு வரப்பில் மொபெட்டோடு விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. வலது கை.

21.7, புதன்

மதுரை. ரெஜினாவுக்குச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் பத்து நாள் கழித்து. திரும்பும்போது பஸ்ஸில் நிலக்கோட்டைப் பூக்கூடைகள், மல்லிகை வாசம் குமட்டுகிறது என்றாள். பக்கத்து சீட்டு அம்மாள் யாரிடமோ: "சாணார்பட்டிப் பக்கம் ஒரு பச்சப்புள்ள குறி சொல்லுதாம்ல." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

23.7, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நத்தம் பக்கத்திலிருந்தெல்லாம் கூட்டம். முன்பின் தெரியாத ஒரு பெரியவர், எங்க வம்சத்தில் செல்லாயின்னு ஒருத்தி தீப்பாய்ந்ததாகப் பாட்டன் சொல்வார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினைந்து நாளில் என் பொய்க்குப் பாட்டன் முப்பாட்டன் வந்துவிட்டார்கள்.

வகுப்பில் பிள்ளைகள் சுவர்த்தாளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். கிழித்துவிடலாம் என்று பக்கத்தில் போனேன். வளையல் ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. அன்று அவசரத்தில் தப்பாக எண்ணியிருப்பேன். கிழிக்கவில்லை.

28.7, புதன்

கான்வென்ட் மதர் ஆளனுப்பியிருக்கிறார். பிள்ளையை ஒருமுறை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம், இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்கு.

முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டம் கூடும்போதே போவது. எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்வது: பேர் என் கற்பனை, கதை என் கற்பனை, பிள்ளையை விடுங்கள். அடித்தால் அடிக்கட்டும். நூர்ஜஹான் டீச்சரும் வருகிறேன் என்கிறார். நல்ல மனுஷி.

ரெஜினா பூண்டு உரித்துக்கொண்டே, பீரோவில் பிள்ளைகளின் சர்டிபிகேட் எந்தத் தட்டில், கேஸ் புத்தகம் எங்கே என்று எனக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கு இதெல்லாம் என்று கத்திவிட்டேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

30.7, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோரு மணி வெயில். நூறு பேராவது இருக்கும். வழி விட்டார்கள். ராமுத்தாய் பாயில். கை மேலே. தோள் வீங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் பழைய பிள்ளை எட்டிப் பார்த்தது. பாய்க்குப் பின்னாலிருந்து மஞ்சள் பையை இடது கையால் இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். புத்தகப்பை. அத்தனை நாளும் அங்கேயே வைத்திருந்திருக்கிறாள். நான் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, எழுந்திரிக்க ஒரு காலை ஊன்றிவிட்டாள்.

பேச வாயைத் திறந்தேன். மனசில் எல்லாம் வரிசையாக இருந்தது. பேர் என் கற்பனை. கதை என் கற்பனை.

"என் வீட்டுக்காரிக்கு நல்லபடியா வந்துருமா தாயே?"

என் குரல்தான். யாரும் என் வாயில் வந்து சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

ஊன்றிய காலை மடக்கிக்கொண்டாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கணக்குக்கு விடை தெரியாதபோது என் முகத்தில் தேடுவாளே, அப்படித் தேடினாள். தேடி எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார். நல்லாயிருவாங்க."

சாரே கேட்டுட்டாரு, சாரே கேட்டுட்டாரு என்று பின்னால் ஓடியது பேச்சு. குலவை போட்டார்கள். நூர்ஜஹான் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். குனிந்து துண்ணூறு வாங்கிக்கொண்டேன். விரல் பட்டது. சுட்டது. வெயிலில் அத்தனை நேரம் இருந்த பிள்ளை, சுடாமல் என்ன செய்யும்.

2.8, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டால் சரி. ரெஜினா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். எப்பேர்ப்பட்ட சந்தோஷம். கர்த்தருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நின்றுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் வெள்ளைச்சாமி நிற்கிறார், கையில் வாழைத்தார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதிப்பது இதுதான் முதல்முறை. வருகிற வெள்ளிக்கு மணப்பாறையிலிருந்து மூன்று வேன் வருகிறதாம். நீங்க வந்து கேட்டீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அம்புட்டு சனம் சார் என்றார். கான்வென்ட், மதர், அடுத்த ஜூன் எல்லாம் தொண்டை வரை வந்தது.

"வீட்டம்மா நல்லாருக்காங்களா சார்?"

நல்லாருக்காங்க என்றேன்.