சூட்டில் வைக்கக் கொடுத்த கார்டீனியா

1957 ஜனவரி 19, சனி. நுவரெலியா.

மாணிக்கத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், என் பழைய நண்பன். பனிக்காலம் வந்தால் என் கார்டீனியாத் தொட்டியைத் தொழிற்சாலை அடுப்பறையருகே சூட்டில் வைத்துக் காப்பவன்.

இன்று போய்ப் பார்த்தால் தொட்டி காலி.

"துரைசானி பாத்துட்டு ஆசைப்பட்டாங்க மாஸ்டர். என்னுதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். மகனுக்கு ஆபீஸ்ல வேலை கேக்கணும்ல? உங்க வாசல்லதான் பெருசா ஒண்ணு நிக்குதே!"

இரண்டும் ஒன்றா? வாசலில் நிற்பது அடுக்கு வகை. ரோஜா அளவுப் பூ, ஆள் உயரம் வளரும், அதற்குத் தரைதான் சரி. தொட்டியில் இருந்தது குட்டை வகை. சின்ன இலை, சின்னப் பூ, கிளை தாழ்வாகப் படரும். வகுப்பில் குட்டைப் பையனை முன்வரிசையில் உட்கார வைப்போமே, அப்படி அதற்கென்று ஓர் இடம் உண்டு.

தோட்டத்துரையின் பங்களாவில் துரைசானி அதைப் புல்தரை நடுவே நட்டுவிட்டாராம்.

"ராத்திரிக்குச் சாக்காவது போர்த்தச் சொல்லப்பா" என்றேன்.

"துரைசானி நட்டது தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்று சிரித்தான்.

நானே போய்ச் சொல்லலாம். செடி யாருடையது என்று கேட்பார்கள், மாணிக்கம் சொன்ன பொய் வெளியாகும், மகனுக்கு வேலையும் கிடைக்காது. அவன் மகனோ நான் படிப்பித்த பையன்.

வானத்தில் மேகமே இல்லை. விடிவதற்குள் உறைபனியில் புல்லெல்லாம் வெளுத்துவிடும். வாசல் செடிக்குச் சாக்குப் போர்த்திவிட்டேன். இன்னொரு சாக்கு கதவோரம் கிடக்கிறது. பங்களா அரை மைல்தான்.