தலையில் துண்டு

ஜூன் 16
சாரல். தலை சீவிவிடும்போது பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி அக்காதான் பார்த்தாள். வகிட்டை ஒட்டி ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று சொட்டை. புழுவெட்டு என்றாள். செல்லில் படம் எடுத்துக் காட்டினாள். என் தலை மாதிரியே இல்லை.

ஜூன் 21
லடாக் ராணுவ முகாமிலிருந்து அவர் வீடியோ காலில் வந்தார். அவசரத்தில் ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டேன். "ஐந்தருவிக்குப் போயிட்டு வாரியாட்டி?" என்றார், அத்தனை ஆசையாக. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குளிரில் அவருக்குக் குளிப்பதே வாரம் ஒருநாள்தானாம்.

ஜூலை 2
இந்த சீசனுக்கு அருவிப் பக்கமே போகவில்லை. தண்ணீர் விழுந்தால் முடி விலகிவிடும். பெண்கள் வரிசையில் அத்தனை கண்ணும் அங்கேதான் நிற்கும். அவரிடம் இன்று மெயினருவி என்று சொன்னேன். பொய்யிலும் அருவியை மாற்ற வேண்டியிருக்கிறது.

ஜூலை 5
பூண்டை நசுக்கித் தேய்த்தேன். வெந்து கொப்புளமாகிவிட்டது. எனக்கு அறிவு இருக்கா?

ஜூலை 9
தென்காசியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். பூண்டுக்காகத் திட்டினார். புண் ஆறினால்தான் ஊசி. மாதம் ஒருமுறை அந்த இடத்திலேயே போடுவார்களாம். வேர் சாகவில்லை, பெரும்பாலும் முளைக்கும், மறுபடி உதிரவும் செய்யலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது முளைக்கும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24
முதல் ஊசி. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஆகஸ்ட் 11
எந்த அருவி என்றார். புலியருவி என்று சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது — அதைவிட, அவர் என்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. துண்டை எடுத்துவிட்டேன்.
இதை வைத்துக்கொண்டு எப்படி அருவிக்குப் போவது என்றேன்.
"அப்போ ஒருநாள்கூட குளிக்கலியா?"
இல்லை அத்தான் என்றேன்.
"நான் இங்கன இருந்து நெதமும் உன்கூடல்லா குளிச்சிட்டிருந்தேன்."
முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் மறைத்தேன்?

செப்டம்பர் 4
இரண்டாவது ஊசி போட்டுப் பத்து நாள். கண்ணாடியில் நாலைந்து முடி தெரிகிறது. வெள்ளை. முதலில் அப்படித்தான் வருமாம். காதுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வட்டம் தொடங்கியிருப்பதையும் ஊசி போட்ட அன்றே டாக்டரம்மா காட்டியிருந்தார்.

செப்டம்பர் 8
சீசன் முடியப்போகிறது. காலையில் ஐந்தருவிக்குப் போனேன். முடியை அவிழ்த்துவிட்டு நின்றேன். பின்னால் நின்றவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். அவளுக்கும் தண்ணீர் வேண்டுமே.
கரையேறியதும் அவரைக் கூப்பிட்டேன். துண்டு தோளில் கிடந்தது. எந்த அருவி என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் சத்தம் கேட்கிறதே.